பட்டி பார்ப்பதற்கு முன்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

தரங்கம்பாடிப் பக்கம் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். ஏழு வருடமாகச் சிறு வீடுகள் கட்டிக் கொடுக்கிறேன். திருவாரூர் ஓரத்தில், நஞ்சையில் மண் அடித்து மேடாக்கிய மனையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு 1,150 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டினேன். அதற்கு முந்திய வருடக் கார்த்திகையில் அஸ்திவாரம் தோண்டி, போன ஆவணியில் புதுமனை புகுந்தார்கள். இந்தச் சித்திரையில் சுவரெல்லாம் விரிசல். கடைசித் தவணை 1,85,000 ரூபாயை நிறுத்திவிட்டார். "பைபிள் படிக்கிற பையன்னு நம்பித்தான் கொடுத்தேன். அஸ்திவாரம் ஒழுங்காத்தான் போட்டேன்னு உங்க சர்ச்சுல வந்து சத்தியம் பண்ணு தம்பி" என்கிறார். அப்பா கொத்தனார், "ரெண்டு நாள்ல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிடு, மனுஷன் அடங்கிடுவார்" என்கிறார்.

சத்தியம் செய்ய என்னால் முடியாது. சமையலறை மூலை பில்லர் குழியில் ஊற்று வந்தது. முகூர்த்தத் தேதி நெருக்கியது. 5 அடி போக வேண்டிய இடத்தில் 4 அடியோடு நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிட்டேன். இது யாருக்கும் தெரியாது. எல்லாச் செலவையும் நானே ஏற்றுக்கொண்டு பாவத்தைத் தீர்த்துவிடலாமா?

– ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் யோசனையை முதலில் எடுத்துவைத்துவிடுவோம். மண் அசைந்துகொண்டிருக்கும்போது பட்டி பார்த்தால், அதாவது விரிசலைப் பட்டிமாவால் அடைத்து மறைத்தால், அந்த இடம் ஐப்பசி வரைக்கும்கூடத் தாங்காது. எசேக்கியேல் 13-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் சுவர் வைக்கிறான், மற்றவர்கள் சாரமற்ற சாந்தை அதன்மேல் பூசுகிறார்கள், பெருமழை வந்து சுவர் விழும்போது பூசின பூச்சு எங்கே என்ற கேள்வி வருகிறது. நம் தொழிலுக்கென்றே எழுதியதுபோல இருக்கும் பகுதி அது. "எல்லாச் செலவும் என்னுடையது" என்று நீங்கள் சொல்ல நினைப்பதும் அதே சாந்துதான். எந்த விரிசல் எதனால் வந்தது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினால் உங்கள் மனம் இரண்டு வாரம் அமைதியாக இருக்கும். அவருடைய சுவர் அடுத்த சித்திரையில் மறுபடி வாய் திறக்கும்.

இந்த வாரத்துக்குள் நேரில் போங்கள். வாட்ஸாப்பில் பதில் எழுத வேண்டாம். காலை வேளையில், மேஸ்திரியையோ உறவினரையோ துணைக்குக் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போங்கள். போதகரை நடுவராக அழைத்துப் போவது இன்னும் தவறு. வீட்டுக்காரர் வேறு மதத்துக்காரர். நீங்கள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்ததாகத்தான் அவருக்குப் படும். சர்ச், சத்தியம் என்ற பேச்சை அவரே எடுத்தால், "சார், எங்க வேதம் சத்தியமே பண்ணாதேன்னு சொல்லுது. அளந்து காட்டுறேன்" என்ற அளவோடு விடுங்கள். மத்தேயு 5-இல் ஆணையிட வேண்டாம் என்று சொன்ன கையோடு, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்லியிருக்கிறது. இதற்கு மிஞ்சினது தீமை என்றும் அங்கேயே இருக்கிறது. செய்த தப்பைக் குறைத்துச் சொல்வதுபோலவே, செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வதும் அந்த 'மிஞ்சினதில்' சேரும் என்பது என் எண்ணம்.

போனதும் விரிசலைப் பார்க்கும் முன் ஆபத்தைப் பாருங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் எங்காவது சாய்ந்திருக்கிறதா, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விட்டிருக்கிறதா, கூரையின் அடிப்பூச்சு தட்டினால் பொள்ளல் (உள்ளே வெற்றிடமான) சத்தம் தருகிறதா? புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, அங்கிருந்து ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22:8. இவற்றில் எது தளர்ந்திருந்தாலும் யார் செலவு என்ற பேச்சே வேண்டாம், அன்றைக்கே முட்டுக் கொடுங்கள்.

பிறகு அவரை முன்னால் விட்டு அறை அறையாகக் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் பென்சிலால் ஓர் எண் போட்டு, அதன் இரு முனையிலும் குறுக்குக் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள், நீண்டால் தெரிந்துவிடும். அருகில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அந்த முதல் நாளில் இரண்டு சொற்கள் உங்கள் வாயில் வரக் கூடாது. ஒன்று, "இதெல்லாம் ஒண்ணுமில்ல சார்". மற்றது, "செஞ்சு கொடுத்துடுறேன் சார்". பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பதினைந்தாம் நாள் அது அவர் கையில் இருக்க வேண்டும். பாதி கோபம் பதில் வராததால் வளர்கிற கோபம்.

இனி விரிசல்கள். உங்கள் கடிதத்தில் நான்கு வகை கலந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே விரிசல், எல்லாமே அஸ்திவாரக் கோளாறு.

படுக்கையறையில் வலைபோலப் படர்ந்திருக்கும் மெல்லிய கோடுகள் பூச்சுக்குள்ளேயே நிற்பவை. மணலில் தூசி மிகுதி, சிமென்ட் மிகுதி, அல்லது கியூரிங் (பூசியபின் நனைத்து வைப்பது) குறைவு. தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் வண்ணப் பூச்சோடு போய்விடும். பொள்ளலாக ஒலித்தால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஹாலில் பில்லரை ஒட்டி நேர்க்கோடாக இறங்குவது, கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் வருவது. இரண்டும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் நீள்வதில்லை. பூசுவதற்கு முன் அந்த இணைப்பின்மேல் ஓர் அடி அகலத்துக்குக் கோழிவலை அடித்திருந்தால் வந்திருக்காது. அடிக்கவில்லை என்றால் அது உங்கள் பிழை, தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடுவது வெயிலில் தளம் விரிந்து சுவரை இழுப்பதால் வருவது. மொட்டைமாடியில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்கும் வேலையை அவர் செலவு கருதித் தள்ளிவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு அவருடையது. ஆனால் விளைவை எழுத்தில் எச்சரித்தீர்களா என்பதை உங்கள் கோப்பில் தேடுங்கள். வாயால் சொன்னதை அவர் மறந்திருந்தால் பொய் சொல்கிறார் என்று ஆகாது.

நான்காவதுதான் விஷயம்: சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் 3 மில்லிமீட்டர் விரிசல்.

டெல்டாக் களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஆறும் வாய்க்காலும் வயலும் நனைந்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் முழுக்க ஊறி, ஜனவரி 28-இல் அணை மூடிய பிறகு மாசியிலிருந்து வெடிக்கத் தொடங்கும். நீங்கள் கார்த்திகையில் தோண்டியபோது மண் முழு உப்பலில் இருந்தது. அடுத்து வந்த கோடையில் கட்டட வேலை ஓடியதால் கியூரிங் தண்ணீர் அதை நனைத்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டைச் சுற்றி மண் உண்மையில் காய்ந்த முதல் கோடை இதுதான். சித்திரையில் விரிசல் வந்ததன் காரணம் இதில் இருக்கலாம். இரண்டரை அடி மேடாக்கிய மனையில் 4 அடிக் குழி என்றால், அசல் மண்ணுக்குள் ஒன்றரை அடிதான் இறங்கியிருக்கிறது. கோடையில் காய்கிற ஆழத்துக்குள்ளேயே அந்த ஃபுட்டிங் (பில்லரின் அடிப்பாதம்) உட்கார்ந்திருக்கிறது. திட்டமிட்ட 5 அடியும் இந்த மண்ணுக்குப் போதுமா என்று ஆய்வுக்கு வருபவர் கேட்பார். மண் பரிசோதனை செய்யாமல் தொடங்கியதையும் எழுதுவார். அந்தக் கேள்விக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆனாலும் அந்த மூலைதான் இறங்கியது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சமையலறைத் தண்ணீர் வெளியே விழுந்து வாழைக்குப் போகிறது, வாழை மூலையிலிருந்து நாலடியில் இருக்கிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மூலை மட்டும் கோடையிலும் ஈரமாக இருந்து, மற்ற இடமெல்லாம் காய்ந்து இறங்கியிருந்தாலும் இங்கே விரிசல் வரும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. சுவரின் முன் நின்று, சாய்ந்த விரிசலுக்குச் செங்குத்தாக மனத்துக்குள் ஓர் அம்பு போடுங்கள். அம்பின் கீழ்முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் இறங்குகிறது. மூலை இறங்கியிருந்தால் விரிசல் மூலையை நோக்கி மேலேறும், மேல்பக்கம் அகலமாக இருக்கும். மூலை நிற்க மற்றவை இறங்கியிருந்தால் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும், கீழ்ப்பக்கம் அகலும். இதோடு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து நான்கு மூலையிலும் ப்ளின்த் (சுவருக்கு அடியில் உள்ள அடிமேடை) மட்டத்தைப் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை நம்பலாம். ப்ளின்த் கட்டும்போதே சற்று ஏறி இறங்கியிருக்கும் என்பதால் ஜன்னல் அடிமட்டத்தையும் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் பதித்த ஓரப்பட்டை) கோட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு பில்லருக்கு நடுவே 3 மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சுவர் விரிசல் விடத் தொடங்கும். 20-ஐ நெருங்கினால் கட்டமைப்புக்கே கவலைப்பட வேண்டும்.

மண்ணையும் சோதியுங்கள். ஃபுட்டிங் உட்கார்ந்திருக்கும் ஆழத்து மண்ணை அடுப்பில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவுக் குடுவையில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் நின்ற அளவு அதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதுதான் உப்பல் குறியீடு. 50-ஐத் தாண்டினால் மிகவும் உப்பும் மண். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தால் கையெழுத்திட்ட அறிக்கையாகவே கிடைக்கும், அதுதான் நல்லது.

விரிசலுக்கு இருபுறமும் சிறிய ஸ்க்ரூ ஒன்று வீதம் பதித்து, இடைவெளியை வெர்னியரால் (நுண்ணளவுக் கருவி) மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு அவர் வீட்டிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு அளவிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள். ஆசிரியராக இருந்தவர், நீங்கள் வராத மாதத்தில் அவரே அளந்து எழுதிவைப்பார். மார்கழி வரைக்கும் அளவு வேண்டும். மழையில் விரிசல் குறுகும். "தானா மூடிக்கிச்சு பாருங்க சார்" என்று அப்போது சொல்லிவிடாதீர்கள்.

இப்போது அந்த ஓர் அடி.

அதைச் சொல்லத்தான் வேண்டும், குழி தோண்டிப் பார்ப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். தோண்டிய பிறகு சொன்னால் அது பிடிபட்டதாகிவிடும். அதற்குப் பின் நீங்கள் காட்டுகிற எந்த அளவையும் அவர் நம்ப மாட்டார். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிற வசனத்தில் வரிசைதான் முக்கியம். அடுத்த ஞாயிறுக்கு முன் போங்கள். பணம் பெரியது, எழுத்தில் போகிறது என்பதால் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது தப்பில்லை. உண்மையை எந்தச் சொல்லில் எழுதுவது என்று கேளுங்கள். சொல்லலாமா என்று கேட்க வேண்டாம்.

சொல்வது இந்த அளவில் இருக்கட்டும்: "சார், சமையலறை மூலை பில்லர் குழியில ஊற்று வந்துச்சு. வரைபடத்துல 5 அடி. நான் 4 அடியில நிறுத்திட்டேன். உங்ககிட்ட சொல்லல. அது என் தப்பு. இந்த விரிசல் அதனாலதானான்னு இன்னும் தெரியல. உங்க முன்னாடியே தோண்டிப் பார்த்து, வெளியாள் ஒருத்தரை வச்சு முடிவு பண்ணுவோம்." முகூர்த்த நெருக்கடியை இந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் வந்தால் பழியை அவர் வீட்டு நல்ல நாளின்மேல் போடுவதாகக் கேட்கும். ஊற்று வந்தபோது பக்கத்தில் ஒரு சம்ப் குழி (தண்ணீர் வந்து சேரும் குழி) எடுத்து மோட்டாரால் இறைத்துக்கொண்டே தோண்டியிருக்கலாம், இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டிருக்கலாம். அவர் சத்தம் போடுவார். போடட்டும். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, குழிக்கு ஒரு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

குழியை மழைக்கு முன், மண் காய்ந்திருக்கும்போதே எடுங்கள். பில்லரை ஒட்டி மூன்றடிக்கு இரண்டடி போதும். ஃபுட்டிங்குக்கு அடியில் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது. டேப்பை நிறுத்தி ஆழம் தெரியப் படம் எடுத்து, அன்று மாலையே ஆறங்குல அடுக்காகத் திம்சு போட்டு (இடித்துக் கெட்டிப்படுத்தி) மூடிவிடுங்கள். ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் சோதனைக்கு மண்ணெடுத்த இடம் மேடாக்கிய மண்ணா, அசல் களிமண்ணா என்றும் குறியுங்கள். வெளியாள் என்றேனே, கட்டமைப்புப் பொறியாளர் யார் என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும், கட்டணம் நீங்கள் கொடுங்கள், அறிக்கை இருவர் பெயருக்கும் வரட்டும்.

பதினைந்தாம் நாள் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எண் போட்ட விரிசல் ஒவ்வொன்றுக்கும் காரணம் (தெரியாவிட்டால் 'பார்வையில் உள்ளது'), யார் செலவு, எந்தத் தேதிக்குள். பில்லர் ஓரக் கோடுகளும் பொள்ளல் பூச்சும் உங்கள் செலவில், ஆடிக்குள். தட்டோடு அவர் செலவு. கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் அது உங்கள் விருப்பம், கடமையென்று எழுத வேண்டாம். சமையலறை மூலை, அறிக்கைக்குப் பிறகு. 1,85,000 ரூபாயைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். பணம் வந்தால்தான் பழுது பார்ப்பேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பழுது பார்ப்பது பேரமாகிவிடும். அதற்காகத் தொகையை விட்டுக்கொடுத்ததாகவும் எழுதாதீர்கள். உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்குச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவருக்கும் வழி உண்டு: வீடு கட்டிக் கொடுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான், கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். அதை அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கொத்தனார், சித்தாள் கூலி இந்தத் தவணையில் மாட்டியிருந்தால் அதை இன்றைக்கே உங்கள் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். கூலியைப் பொழுது சாயும் முன் கொடு என்கிற உபாகமம் 24:15-க்கு வீட்டுக்காரர் பணம் நிறுத்தியது பதிலாகாது.

வேலையில் கவனிக்க வேண்டியது: பில்லர் ஓரத்தில் இருபுறமும் ஆறங்குலம் பூச்சைக் கொத்தி, வலையை ஆணியால் இழுத்து அடித்து, 12 மில்லிமீட்டர் பூசி, ஏழு நாள் நனையுங்கள். அந்த ஏழு நாளை மேஸ்திரி பொறுப்பில் விட வேண்டாம். சமையலறை விரிசலில் மழைநீர் இறங்காதிருக்க வெளிப்பக்கம் மட்டும் இழுபடுகிற அக்ரிலிக் சீலண்ட் வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால், ஐப்பசியில் மண் உப்பிச் சுவரின் விரிசல் மூட வரும்போது இடமில்லாமல் பக்கத்தில் புதுக் கோடு விழும். அசைவு நின்றது தெரிந்த பிறகு, நாலு வரிசைக்கு ஒரு முறை செங்கல் இணைப்பில் ஒரு மீட்டர் நீளத் துருப்பிடிக்காத கம்பியை விரிசலுக்கு இருபுறமும் அரை மீட்டர் போகும்படி பதித்துத் தையல் போடலாம். அஸ்திவாரத்தை ஆழப்படுத்த வேண்டும் என்று அறிக்கை சொன்னால் அதைக் கட்டமைப்புப் பொறியாளர் மேற்பார்வையில்லாமல் தொடாதீர்கள். அந்த மூலையின் செலவு முழுக்க உங்களுடையது என்று அறிக்கை காட்டினால், தவணை முறையிலாவது கொடுங்கள்.

உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த தளம் போட்டால், சுவரை ஒட்டிய மண் ஒரே நாளில் ஊறுவதும் ஒரே மாதத்தில் காய்வதும் குறையும். மாடித் தண்ணீர்க் குழாய்கள் அந்தத் தளத்தைத் தாண்டி விழ வேண்டும். வாழையை வெட்டச் சொல்ல வேண்டாம். அந்த வீட்டு அம்மா ஆசையாக வைத்திருப்பார்கள். சமையலறைக் குழாயை ஐந்து மீட்டர் நீட்டி, வாட்டம் கொடுத்து, கன்றுகளைப் பெயர்த்துக் குழாய் முடியும் இடத்தில் நட்டுக் கொடுங்கள். பெரிய தார் விட்ட மரம் இருந்தால், காய் முற்றும் வரை அந்த ஒரு மரம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.